குழுவில் போர்ட்ஃபோலியோவைத் திறந்து காட்டலாமா?

நிதானம்:

வணக்கம் மக்களே, ஒரு சின்ன சந்தேகம்.

பங்குச் சந்தை பேசுவதற்காக இணையத்தில் கூடிய ஒரு குழுவில் இருக்கிறேன். ஆளுக்கொரு வேலை, நிதித்துறையில் யாரும் கிடையாது. ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததும் இல்லை. ஆனால் காலாண்டு முடிவு வரும் நாளில் யார் எந்த வரியை முதலில் படிப்பார் என்பது வரை எல்லோருக்கும் தெரியும். சந்தை ஏறும் நாளில் அவரவர் வேலையைப் பார்ப்போம். விழுகிற நாளில்தான் அரட்டை களைகட்டும். "யாருக்கெல்லாம் சிவப்பு?" என்று ஒருவர் ஆரம்பிப்பார், வரிசையாகக் கை தூக்குவோம். மனசு கொஞ்சம் லேசாகிவிடும்.

இப்போது ஒரு நண்பர், எல்லோரும் போர்ட்ஃபோலியோவை, அதாவது கையில் என்னென்ன பங்கு இருக்கிறது என்பதை, திறந்து போடுவோம், மாதக் கடைசியில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று பட்டியல் போடுவோம் என்கிறார். வெளிப்படையாக இருக்கும், ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்கலாம் என்பது அவர் வாதம். பாதிப் பேர் தலையாட்டிவிட்டார்கள். எனக்கு மட்டும் ஏனோ ஒப்பவில்லை. மறைக்க ஒன்றுமில்லை, தொகையும் பெரிசில்லை. ஆனால் வேண்டாம் என்று வாயைத் திறந்தால், "இவனுக்குப் பெரிய நஷ்டம் போல" என்று நினைத்துவிடுவார்களோ என்று யோசனையாக இருக்கிறது. இப்படிப்பட்ட குழுவில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

கரடி:

நடக்கப்போவதை இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் பட்டியலில் முதலிடம் பிடிப்பவர் இரண்டாம் மாதம் குரு ஆகிவிடுவார். மூன்றாம் மாதம் அவர் வாங்கியதை நீங்கள் எல்லோரும் வாங்கியிருப்பீர்கள். நான்காம் மாதம் அவர் மட்டும் விற்றிருப்பார்.

சும்மா கிண்டலுக்குச் சொல்லவில்லை. பார்பர், ஓடியன் என்ற இரண்டு பேராசிரியர்கள் உறுப்பினர்கள் பணத்தைச் சேர்த்துப் போட்டுப் பங்கு வாங்கும் 166 முதலீட்டுக் குழுக்களின் கணக்குகளை எடுத்து, 1991 முதல் 1997 வரை அலசினார்கள். செலவு போக ஒரு சராசரிக் குழுவுக்கு ஆண்டுக்கு 14.1 சதவீதம் வந்தது. அதே காலத்தில் அமெரிக்கச் சந்தை கொடுத்தது 17.9. பத்தில் ஆறு குழுக்கள், சந்தையின் மொத்தப் போக்கைக் காட்டும் குறியீட்டிடமே தோற்றன. தனியாக முதலீடு செய்தவர்கள்கூட அவர்களைவிடத் தேவலை. கூடிப் பேசினால் அறிவு கூடும் என்று யார் சொன்னது? நானும் கரடியாகக் கத்துகிறேன்.

ஆண்டறிக்கை_வாசகி:

நிதானம் தம்பி, உங்களுக்கு ஒப்பாததற்கு நல்ல காரணமே இருக்கிறது.

லாபத்தில் உள்ள பங்கைச் சட்டென்று விற்றுவிட்டு, நஷ்டத்தில் உள்ளதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நம் எல்லோருக்கும் உள்ள வியாதி. ஷெஃப்ரினும் ஸ்டாட்மேனும் 1985லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். 2016ல் ஹைமர் என்பவர் வெளிநாட்டு நாணயங்களை வாங்கி விற்கும் சிறு ஆட்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார். வர்த்தகர்களுக்கான சமூக வலைத்தளத்தில் சேர்ந்தபின் அவர்களுக்கு இந்த வியாதி கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. தனியாக இருக்கும்போது நஷ்டத்துக்கு விற்றால் எனக்கும் புரோக்கருக்கும்தான் தெரியும். நாலு பேர் பார்க்க விற்றால் மானப் பிரச்சினை. விற்காமல் வைத்திருந்தால், "நான் நீண்ட கால முதலீட்டாளர்" என்று சொல்லிக்கொள்ளலாம். நீண்ட கால முதலீட்டாளர்களில் பாதிப் பேர் இப்படித்தான் உருவாகிறார்கள் என்பது என் கட்சி.

அப்புறம் அந்தச் சதவீதப் பட்டியல். யார் கணக்குப் போடுவது, எப்படிப் போடுவது? அமெரிக்காவில் பியர்ட்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பெண்கள் நடத்திய முதலீட்டுக் குழு ஒன்று 90களில் உலகப் புகழ் பெற்றது. பத்தாண்டுகளாக ஆண்டுக்குச் சராசரி 23.4 சதவீதம் லாபம் என்று சொன்னார்கள். 1998ல் தணிக்கை செய்து பார்த்தால் 9.1தான் தேறியது. உறுப்பினர்கள் மாதாமாதம் போட்ட பணமும் லாபக் கணக்கில் ஏறியிருந்தது! அவர்கள் யாரையும் ஏமாற்ற நினைத்தவர்கள் அல்லர். நடுவில் பணம் போட்டு, நடுவில் எடுக்கும் ஒரு போர்ட்ஃபோலியோவுக்கு ஆண்டு வருமானம் கணக்கிடுவது அவ்வளவு சுலபமில்லை. உங்கள் குழுவிலும் ஒருவர் சம்பளம் வந்ததும் பணம் போடுவார், இன்னொருவர் ஈவுத்தொகையைச் சேர்க்காமல் விடுவார். மாதக் கடைசியில் சண்டைதான் மிஞ்சும்.

எங்கள் கூட்டத்தில் சதவீதம் பேசுவதில்லை, ஆண்டறிக்கையைப் பிரித்துக்கொண்டு படிப்போம். முன்பாதியில் தலைவர் கடிதமும் வண்ணப் படங்களும் இருக்குமே, அதை யாரும் சீண்டமாட்டோம். ஒருவர் தணிக்கையாளர் அறிக்கை. ஒருவர் பணப்புழக்கம், அதாவது உண்மையில் கைக்கு வந்த, போன காசு. பின்னால் பொடி எழுத்தில் வரும் குறிப்புகள் என் தலையில்.

ஒரு நிறுவனத்தில் விற்பனையும் ஏறியிருந்தது, லாபமும் ஏறியிருந்தது. எங்களில் இரண்டு பேர் ஏற்கனவே வாங்கிவிட்டார்கள். பணப்புழக்கம் பார்த்தவர் ஒரே வரி போட்டார்: "லாபம் வந்திருக்கு, பணம் வரலையே?" நான் குறிப்புகளில் போய்த் தேடினேன். வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி விற்பனையைவிட வேகமாக வளர்ந்திருந்தது. அதிலும் ஆறு மாதத்துக்கு மேல் நிலுவையில் கிடப்பதுதான் அதிகம். அதாவது சரக்கு போய்விட்டது, காசு வரவில்லை. அன்று ராத்திரி நடந்த வாக்குவாதம் இன்னும் நினைவிருக்கிறது. வாங்கிய இருவரில் ஒருவர் மறுநாளே விற்றார். மற்றவர், "பெரிய வாடிக்கையாளர்கள், இழுத்தடிப்பார்கள், ஆனால் கொடுத்துவிடுவார்கள்" என்று வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு பாக்கி வசூலாகிவிட்டது! வைத்திருந்தவருக்கு நல்ல லாபம். விற்றவர் அதற்காக வருந்தவும் இல்லை, இவர் குத்திக்காட்டவும் இல்லை. இரண்டு பேரும் ஒரே பக்கத்தைப் படித்துவிட்டு வேறு வேறு முடிவுக்கு வந்தவர்கள். இந்த மாதிரி ஆட்கள் கிடைப்பதுதான் கஷ்டம், டிப்ஸ் தெருவெல்லாம் கிடைக்கும்.

பட்டியல் வைத்திருந்தால் அந்த நட்பு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எதிர்க்கட்சி:

அக்கா சொன்னதில் முக்கால்வாசி சரி. ஆனால் முழுக்க மூடி வைப்பதும் ஆபத்து.

முதலில் கரடியாருக்கு. அந்த 166 குழுக்கள் ஆண்டுக்கு 65 சதவீதப் பங்குகளை மாற்றிக்கொண்டே இருந்தன. சும்மா சும்மா வாங்கி விற்றால் கட்டணமே தின்றுவிடும், தனி ஆளுக்கும் அதே கதிதான். அதைக் கூடிப் பேசியதன் தலையில் கட்டாதீர்கள். ஹைமர் பார்த்ததும் நாணய வர்த்தகர்களைத்தான், ஆண்டறிக்கை படிக்கும் ஆட்களை அல்ல.

நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. 2000ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் ஒரு 15 வயதுப் பையன் மேல் நடவடிக்கை எடுத்தது. யாரும் சீந்தாத சின்ன நிறுவனப் பங்குகளை வாங்குவான். பிறகு வெவ்வேறு பெயர்களில் இணையப் பலகைகளில் நூற்றுக்கணக்கான செய்திகள் போடுவான், "இது பறக்கப் போகிறது" என்று. விலை ஏறியதும் விற்றுவிடுவான். வட்டியோடு சேர்த்து ஏறக்குறைய 2,85,000 டாலர் திருப்பிக் கட்டினான். அவன் செய்திகளைப் படித்தவர்களுக்கும் அவன் நண்பன் மாதிரிதான் தெரிந்திருப்பான்.

அதனால் எங்கள் வழக்கம் இது. ஒரு பங்கைப் பற்றிப் பேசும்போது அது கையில் இருக்கிறதா இல்லையா என்று முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். விற்றாலும் சொல்ல வேண்டும், அதுவும் அன்றைக்கே. எத்தனை பங்கு, எவ்வளவு பணம், இதுவரை எவ்வளவு லாபம் என்று யாரும் கேட்கக் கூடாது. புதிதாக வந்த ஆள் தனிச் செய்தியில் ஒரு பங்கின் பெயரைத் தள்ளினால், அதை அப்படியே பொதுவில் போட்டுவிடுவோம். உண்மையான ஆள் என்றால் விளக்கம் சொல்வார். மற்றவர்கள் காணாமல் போய்விடுவார்கள்.

கரடி:

65 சதவீதத்தை நான் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டேன். கண்டுபிடித்துவிட்டீர்கள், சபாஷ்.

நிதானம்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்ன பாக்கிக் கதையையும் எதிர்க்கட்சி சொன்ன "கையில் இருக்கிறதா" வழக்கத்தையும் அப்படியே குழுவில் எடுத்துப் போட்டேன். பட்டியல் கேட்ட நண்பர் முதலில் முறுக்கிக்கொண்டார். நடுவில் போட்ட பணத்துக்கு எப்படிக் கணக்குப் போடுவீர்கள் என்று கேட்டதும் ஒரு விரிதாளைத் திறந்தார். ராத்திரி முழுக்க அதோடு மல்லுக்கட்டிவிட்டு, "சரி, இது ஆகாது" என்று வந்தார். அவரே இப்போது பணப்புழக்கப் பகுதி எனக்குத்தான் வேண்டும் என்கிறார்.

அக்கா, ஒரு கேள்வி. குறிப்புகள் பகுதியை எடுத்துக்கொள்ள எங்களில் யாருமே முன்வரவில்லை. அத்தனை பக்கங்களில் எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஆண்டறிக்கை_வாசகி:

முதலில் வரவேண்டிய பாக்கி, அப்புறம் தொடர்புடையவர்களோடு நடந்த பரிவர்த்தனைகள், அப்புறம் நிறுவனம் யாருக்கெல்லாம் ஜாமீன் நின்றிருக்கிறது என்பது. போன வருட அறிக்கையையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே குறிப்பில் வாசகம் மாறியிருந்தால் அங்கே நின்று படியுங்கள். யாரும் எடுக்கவில்லை என்றால் குறிப்புகளை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, பெயருக்கு ஏற்ற வேலை.