டோசிங் (பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது) நடுவில் அஜிடேட்டர் (கலக்கி) நின்றால் உடனே மறுபடி ஓடவிடலாமா?

ஷிஃப்ட்_பொறுப்பு:
3,000 லிட்டர் கிளாஸ் லைன்டு (உள்ளே கண்ணாடிப் பூச்சுள்ள) ரியாக்டர், அதாவது வேதிவினை நடக்கும் கலன். உள்ளே 1,600 கிலோ சார்ஜ் (முதலிலேயே நிரப்பிய கலவை), 40 டிகிரி. மேலேயுள்ள டோசிங் டேங்கிலிருந்து 400 கிலோ பொருளை 4 மணி நேரத்தில் விடுகிறோம். கலோரிமீட்டர் (வினை வெப்பத்தை அளக்கும் கருவி) ரிப்போர்ட்படி, டோஸ் ஆகும் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 1,000 கிலோஜூல் வெப்பம். கரைப்பான் 110 டிகிரியில் கொதிக்கும். வாயு எதுவும் வெளிவராது. 50 டிகிரி தாண்டினால் டோசிங் வால்வு தானாக மூடும். அஜிடேட்டர் டிரிப் ஆனால் (தானாக நின்றுவிட்டால்) அலாரம் மட்டும்தான். எஸ்ஓபியில் (எழுதப்பட்ட செயல்முறையில்) "அஜிடேட்டரை உடனே மீண்டும் இயக்கவும்" என்று இருக்கிறது. இதை மாற்றச் சொல்ல வேண்டுமா? என்ன எழுதுவது?

வெப்பக்கணக்கு:
கட்டாயம் மாற்றுங்கள். இந்த ரியாக்டரில் மிக ஆபத்தான வரி அதுதான்.

அஜிடேட்டர் நின்றதும் டோஸ் ஆகும் பொருள் கலக்காமல் அடியிலோ மேலேயோ தனி அடுக்காக நிற்கும். ரியாக்ஷன் கிட்டத்தட்ட நின்றுவிடும், வெப்பம் வராது. அதனால் உங்கள் 50 டிகிரி இன்டர்லாக் (தானாக வால்வை மூடும் அமைப்பு) வேலையே செய்யாது. இன்னும் மோசம்: வெப்பநிலை 39, 38 என்று இறங்குவதைப் பார்த்து கன்ட்ரோலர் குளிர்நீரை மூடும், சில இடங்களில் ஜாக்கெட்டுக்கு (ரியாக்டரைச் சுற்றியுள்ள நீர் உறைக்கு) சுடுநீரே விடும். திரையில் எல்லாம் அமைதியாகத் தெரியும் நேரத்தில்தான் வினைபுரியாத பொருள் உள்ளே சேர்ந்துகொண்டிருக்கிறது.

இப்போது எண்களைப் பாருங்கள். மணிக்கு 100 கிலோ டோசிங் என்றால் ஜாக்கெட் எடுக்க வேண்டிய வெப்பம் சுமார் 28 கிலோவாட். அஜிடேட்டர் நின்றதைக் கவனிக்காமல் ஒரு மணி நேரம் டோசிங் ஓடினால் 100 கிலோ தேங்கும். ஸ்விட்சைப் போட்டதும் அது 5 நிமிடத்தில் வினைபுரிந்தால் 330 கிலோவாட்டுக்கு மேல், வழக்கத்தைப் போல் 12 மடங்கு. எந்த ஜாக்கெட்டும் அதை எடுக்காது. எனவே குளிர்விப்பே இல்லை என்று வைத்துக் கணக்கிட வேண்டும்: 1,800 கிலோ கலவை, கிலோவுக்கு டிகிரிக்கு 2 கிலோஜூல் என்றால், 100 கிலோ தேக்கம் சுமார் 28 டிகிரி உயர்த்தும். 40 என்பது 68 ஆகும். அது தாங்கும். மொத்த 400 கிலோவும் தேங்கியிருந்தால் 140 டிகிரி, அதாவது கொதிநிலையைத் தாண்டி, கரைப்பான் பொங்கி வென்ட் (ஆவி வெளியேறும் குழாய்) வழியாக ஏறும்.

உங்கள் உச்சவரம்பை 80 என்று வைத்தால், டோசிங் தொடக்கத்தில் தாங்கும் தேக்கம் சுமார் 130 கிலோ. அஜிடேட்டர் ஓடும்போதே வினைபுரியாமல் இருக்கும் அளவை அதிலிருந்து கழியுங்கள், அது கலோரிமீட்டர் ரிப்போர்ட்டில் இருக்கும். டிஎஸ்சியில் (சிறு மாதிரியைச் சூடேற்றி வெப்பத்தை அளக்கும் சோதனையில்) சிதைவு 170-இல் தொடங்குகிறது என்று யாராவது காட்டினால் அதை எல்லையாக எடுக்காதீர்கள். அந்த எண் கருவியின் நுண்ணுணர்வையும் சூடேற்றும் வேகத்தையும் பொறுத்தது. பல மணி நேரம் சூட்டிலேயே நிற்கும் டன் கணக்கான கலவை அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே சிதையத் தொடங்கலாம்.

இன்ஸ்ட்ருமென்ட்_பக்கம்:
டோசிங் வால்வை மூடும் வேலையை அலாரம் கேட்டு ஓடும் ஆளிடம் விடக்கூடாது. ஆனால் "மோட்டார் ஓடுகிறது" என்ற சிக்னலை மட்டும் நம்பினாலும் பிரயோஜனமில்லை. கப்ளிங் (மோட்டாரை ஷாஃப்டோடு இணைக்கும் பாகம்) முறிந்தாலோ பிளேடு கழன்றாலோ மோட்டார் நன்றாகவே ஓடும். கியர்பாக்ஸுக்குக் கீழே, ஷாஃப்டில் ஒரு ஸ்பீட் சென்சார் வேண்டும். பிளேடு கழன்றதை அதுவும் காட்டாது, மோட்டார் இழுக்கும் கிலோவாட்டை அளந்தால்தான் தெரியும். ஆம்ப்ஸ் போதாதா என்பார்கள். லோடு குறைவாக இருக்கும்போது பவர் ஃபாக்டர் (மின்னோட்டத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) இறங்குவதால் ஆம்ப்ஸ் அதிகம் மாறாது, அதனால் கிலோவாட்தான்.

டோசிங் லைனில், வால்வை இயக்கும் காற்று போனால் தானே மூடும் இரண்டு வால்வுகள் வரிசையாக. வால்வு அதிகமாகத் திறந்தாலும் மணிக்கு 120 கிலோவுக்கு மேல் போகாதபடி ஒரு ஆரிஃபிஸ் (சிறு துளையுள்ள தகடு). கன்ட்ரோல் வால்வைச் சுற்றி பைபாஸ் லைன் இருந்தால் வெட்டி எடுத்து பிளைண்ட் (அடைப்புத் தகடு) போடுங்கள். வால்வு மூடியபின் டேங்க் லெவல் இறங்குகிறதா என்று ஒவ்வொரு பேட்சுக்கும் முன் பாருங்கள், கசியும் சீட் (வால்வு மூடும்போது அமரும் பரப்பு) இரவெல்லாம் டோஸ் செய்யும். டிரிப் ஆன மோட்டார் மின்சாரம் திரும்பியதும் தானாக ஓடக்கூடாது.

பிராசஸ்_சேஃப்டி:
எஸ்ஓபிக்கு என் வாசகம்: "அஜிடேட்டர் நின்றால்: டோசிங் மூடியதை உறுதிசெய். ஜாக்கெட் சூடேற்றலை நிறுத்து, குளிர்விப்பை முழுதும் திற. நின்ற நேரம், டேங்க் லெவல் இரண்டையும் எழுது. தேங்கியது எல்லைக்குள் இருந்தால், பொறுப்பு இன்ஜினியர் கையெழுத்துடன், ரியாக்டர் அருகே ஆள் இல்லாமல், மிகக் குறைந்த வேகத்தில் தொடங்கு. எல்லையைத் தாண்டினால் அல்லது எவ்வளவு என்று தெரியாவிட்டால் தொடங்காதே." தெரியாத நிலைமைக்கு குவெஞ்ச் டேங்கோ (வினையைத் தணிக்கும் திரவத் தொட்டி) வேறு வழியோ முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். மேன்ஹோலைத் திறந்து சாம்பிள் எடுப்பது வழியல்ல. அடியிலிருந்து நைட்ரஜன் விட்டுக் கலக்குவதும் கலக்குவதுதான், தேக்கம் அதிகமானபின் அதையும் செய்யாதீர்கள்.

நிற்கும் திரவத்தில் வெப்பமானி தன் இடத்தை மட்டுமே காட்டும். 1976 ஜூலை 10, இத்தாலியின் செவேசோ அருகே நடந்தது இதுதான். பேட்சைப் பாதியில் விட்டு, அஜிடேட்டரை நிறுத்திவிட்டு ஷிஃப்ட் போய்விட்டது. சூடான சுவரிலிருந்து மேலடுக்குக்கு மட்டும் வெப்பம் இறங்கி அங்கேயே சிதைவு தொடங்கியது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். பல மணி நேரம் கழித்து ரப்ச்சர் டிஸ்க் (அழுத்தம் மிஞ்சினால் கிழியும் தகடு) வெடித்து டையாக்சின் என்ற நச்சு ஊர்மேல் பரவியது.

ஷிஃப்ட்_பொறுப்பு:
கிலோவாட் மீட்டர், ஸ்பீட் சென்சார் வர நாளாகும். அதுவரை?

இன்ஸ்ட்ருமென்ட்_பக்கம்:
மோட்டார் கான்டாக்டரின் (மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்சின்) துணை கான்டாக்டை டோசிங் வால்வின் சோலனாய்டு (வால்வைத் திறந்து மூடும் மின்காந்தம்) சர்க்யூட்டில் நேரடியாக இணையுங்கள். முறையான மாற்ற அனுமதியோடு ஒரே நாளில் முடியும். கப்ளிங் முறிவை இது பிடிக்காது. அதற்காக டோசிங் டேங்கில் ஒரு தடவைக்கு 50 கிலோவுக்கு மேல் நிரப்பாதீர்கள். ஒவ்வொரு நிரப்பலுக்கு முன்னும் ஷாஃப்ட் சுற்றுவதை ஆள் கண்ணால் பார்க்கட்டும். ஜாக்கெட்டுக்குப் போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் வித்தியாசம் வழக்கம்போல் இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். டோசிங் ஓடும்போது அந்த வித்தியாசம் சுருங்கினால் வினை நடக்கவில்லை என்று பொருள், அங்கேயே நிறுத்துங்கள்.