மைனஸ் 7 பவருக்குப் பொருந்தும் அழகான ஃபிரேம் எங்கே கிடைக்கும்?

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் சேரவிருக்கும் என் மகளுக்கு இரு கண்களிலும் மைனஸ் 7 பவர் இருப்பதால், இப்போது பலரும் விரும்பி அணியும் அகலமான ஃபிரேம்களில் லென்ஸின் ஓரம் தடித்து வெளியே துருத்திக்கொண்டு தெரிகிறது. ஒளியை அதிகமாக வளைக்கும் 1.67 இண்டெக்ஸ் லென்ஸ் பொருத்தினால் தடிமன் குறையும் என்றாலும், ஃபிரேம் சிறியதாகவும், கண்மணி லென்ஸின் நடுப்பகுதியில் அமைவதாகவும் இருந்தால்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும். ஆகவே, காதுத்தண்டின் உட்புறத்தில் 46-20-140 என்பதைப் போல அச்சிடப்பட்டிருக்கும் மில்லிமீட்டர் அளவுகளில், லென்ஸின் அகலத்தைக் குறிக்கும் முதல் எண் 48-க்கு மிகாத அசிட்டேட் (ஒருவகை பிளாஸ்டிக்) ஃபிரேம்களைத் தேடுகிறோம். வட்ட வடிவமே நல்லது என்பது என் எண்ணம். அவளுக்கோ பூனைக்கண் வடிவத்தின் மீதுதான் ஆசை. சென்னையில் 4,000 ரூபாய்க்குள் இத்தகைய சிறிய ஃபிரேம்கள் கிடைக்கும் கடைகளை அறிந்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.