இணையவழிச் சொல்வதெழுதலைப் பாடசாலைகளில் தொடங்குவது எப்படி?

கேள்வி (பழைய மாணவர், திருகோணமலை):
வணக்கம். குச்சவெளிப் பக்கமுள்ள மூன்று பாடசாலைகளில், தரம் 4, 5 பிள்ளைகளுக்கு இணையவழித் தமிழ்ச் சொல்வதெழுதல் பயிற்சியைத் தொடக்கிக் கொடுக்க நாங்கள் சிலர் முன்வந்துள்ளோம். செயலி சொல்லை ஒலிக்கும்; பிள்ளை தட்டச்சிட்டதும் சரி, பிழை காட்டும். அதிபர்கள் சம்மதித்துவிட்டார்கள். ஆனால் ஒத்திகையன்று, ‘கறி’ என ஒலித்ததற்குக் ‘கரி’ என எழுதிப் பிழை வாங்கிய ஒரு சிறுமி, சற்று நேரம் திரையையே பார்த்திருந்துவிட்டு, “ரீச்சர், அப்படித்தானே கேட்டது?” என்றாள். எங்களிடம் பதில் இருக்கவில்லை. எதைத் திருத்திவிட்டுத் தொடங்க வேண்டும்?

பதில் 1 (தமிழ் ஆசிரியை):
அந்தப் பிள்ளை கேட்டது நியாயம். ரகர றகரமும், ணகர னகரமும், ழகர ளகரமும் நம் அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிப்பதால், தனிச்சொல்லைக் காதால் கேட்டு எழுத்தைத் தீர்மானிக்க எவராலும் இயலாது. வகுப்பில் நாங்கள் செய்வதுபோல, “அம்மா மீன் கறி சமைத்தார்” என்று வாக்கியத்தில் வைத்துச் சொல்லி, பின்னர் சொல்லை மீண்டும் ஒலிக்கச் செய்யுங்கள்.

சொற்பட்டியலையும் செயலியோடு வந்தபடியே ஏற்க வேண்டாம். கதிரை என்று பழகிய பிள்ளைக்கு நாற்காலியில் தொடங்குவது ஏன்? பிள்ளைகளின் கொப்பிகளில் சிவப்பு மை விழுந்த சொற்களை வகுப்பாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். நம் ஊர்ப் பெயர்களே நல்ல பாடம்: கிண்ணியாவுக்கு ‘ண்ண’, கன்னியாவுக்கு ‘ன்ன’, அங்குள்ள வெந்நீரூற்றுக்கு ‘ந்ந’. வெம்மையான நீர் என்று பிரித்துக் காட்டினால், ‘வென்னீர்’ என்று எழுதிய பிள்ளைக்கும் ‘நீர்’ என்பதன் நகரம் அங்கே இருப்பது விளங்கும்.

பதில் 2 (கணினி ஆசிரியர்):
ஆசிரியர்களிடமுள்ள பழைய வினாத்தாள்கள் பல பாமினி எழுத்துருவில் இருக்கும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றாமல் ஏற்றினால் எழுத்துகள் சிதைந்து தெரியும். அதைவிடக் கவனிக்க வேண்டியது திருத்தும் முறை. ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது; ஆனால் செயலி இரண்டையும் சமமாக்கிய பின் ஒப்பிடாவிட்டால் சரியான விடைக்கும் பிழை விழும். மாறாக, ‘கௌரவம்’ எழுதும்போது ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பையும் ளகரத்தையும் தட்டிக் ‘கெளரவம்’ ஆக்கும் பிள்ளைக்கு, அது விசைப்பலகைத் தவறு என்று தனியே சொல்ல வேண்டும். அதை எழுத்துப்பிழையாக எண்ணுவது அநியாயம்.

பதில் 3 (ஓய்வுபெற்ற அதிபர்):
மூன்று பாடசாலைகளிலும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். ஒரு வகுப்பில் ஒரு தவணை நடத்துங்கள். விசைப்பலகைக்கு அருகில் கொப்பியும் இருக்கட்டும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையைப் பிள்ளை கையால்தான் எழுதப் போகிறது. இணைப்பு அறுந்த நாளில் ஆசிரியர் அதே பட்டியலை வாசித்து நடத்தும்படி, அச்சிட்ட பிரதி ஒன்றையும் அவரிடம் கொடுத்து வையுங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. ஒரு பாடசாலையில், தரம் 4 இல் மட்டும் தொடங்குகிறோம். வாக்கியங்களை அந்த வகுப்பு ஆசிரியையின் குரலிலேயே பதிவு செய்யக் கேட்டிருக்கிறோம், சம்மதித்துவிட்டார்.