விளக்கு பட்டால் படலம் வளையாமல் முறுக்கிக்கொள்கிறது, ஏன்?

மன்னை மாணவி:
எம்.எஸ்சி. புராஜெக்ட். அசோபென்சீன் (ஒளி பட்டால் வடிவம் மாறும் மூலக்கூறு) சேர்த்த லிக்விட் கிரிஸ்டல் பாலிமர், தடிமன் 20 மைக்ரான். பாலிஇமைடு பூசிய இரண்டு கண்ணாடிகளை வெல்வெட் துணியால் தேய்த்து, நடுவில் மோனோமரை விட்டுப் படலமாக்கினேன். நாடாவாக வெட்டி, ஹாட் பிளேட்டில் வைத்து 365 நானோமீட்டர் புற ஊதா எல்.இ.டி. காட்டினால் விளக்கை நோக்கி வளையணும். எனக்கு ஸ்பிரிங் மாதிரி சுருளுது. பச்சை விளக்கில் நேராகிடுது. கைடு "மறுபடி செய்" என்கிறார், மோனோமர் மிச்சம் கொஞ்சம்தான்.

குடந்தைக்காரன்:
சூட்டுல சுருங்குதோ?

மன்னை மாணவி:
இல்லைங்க, விளக்கு காட்டாமல் வெறும் ஹாட் பிளேட்டில் வைத்தால் நேராகவே கிடக்கு.

வாழைத்தோப்பு:
பாப்பா, தேய்ச்ச திசைக்கு நேரா வெட்டினியா, கோணலா வெட்டினியா? எல்லாம் எழுதியிருக்கே, அதை எழுதலை. ரிட்டயர் ஆகித் திருவையாறு பக்கம் வாழை போட்டாச்சு, ஆனாலும் இந்த மாதிரி கேள்வி வந்தா கை நிக்கலை.

காத்தடிச்சு ஒரே பக்கமா சாஞ்ச சம்பாப் பயிரைப் பாத்திருப்பே. தேய்ச்ச திசையில மூலக்கூறு அப்படித்தான் படுத்திருக்கு. புற ஊதா பட்டதும் நேரா இருக்கிற அசோபென்சீன் (ட்ரான்ஸ் வடிவம்) மடிஞ்சு சிஸ் வடிவம் ஆகுது. சுமார் 9 ஆங்ஸ்ட்ராம் நீளம் 5.5 ஆயிடும். பக்கத்துல உள்ளதையும் கலைச்சுவிடும். அதனால படலம் சாஞ்ச திசையில மட்டும் சுருங்கும். அசோ அந்த ஒளியை மேல்தோல்லயே குடிச்சிடறதால அடிப்பக்கத்துக்கு எதுவும் தெரியாது. மேல் சுருங்கி அடி சுருங்காததால விளக்கு பக்கம் வளையுது. நாடாவைக் கோணலா வெட்டினா வளைவும் கோணலாத்தான் வரும், ஸ்பிரிங்தான் கிடைக்கும்.

பழைய கால்குலேட்டர்ல இருக்கிற போலராய்டு (ஒரே திசையில அதிர்ற ஒளியை மட்டும் விடுற தகடு) ரெண்டைக் குறுக்கா வச்சு நடுவுல படலத்தைச் சுத்து. 90 டிகிரிக்கு ஒருக்கா இருட்டாகும். ஆனா எந்த இருட்டுல தேய்ச்ச திசை நெடுக்கா இருக்கு, எதுல குறுக்கா இருக்குன்னு அது சொல்லாது. மிச்சப் படலத்துல வட்டமா ஒரு துண்டு வெட்டி விளக்கு காட்டு. தூக்குற ரெண்டு ஓரத்தையும் சேர்க்கிற கோடுதான் நீ தேய்ச்ச திசை. புற ஊதாக் கண்ணாடி போடாம குனிஞ்சு பாக்காதே.

இன்னொண்ணு, 2003-ல ஜப்பான்ல இகெடா குழு தேய்க்காத, பல திசையா கிடக்கிற படலத்தையே வளைச்சாங்க. ஒளியோட போலரைசேஷனை, அதாவது அது அதிர்ற திசையை, திருப்பினா வளையற திசையும் திரும்புச்சு. மோனோமர் மிச்சம் இருந்தா செஞ்சு பாரு.

மன்னை மாணவி:
ஐயா, ரெண்டு ஓரம்தான் தூக்குச்சு! நாடா ஏறக்குறைய 40 டிகிரி கோணல். தேய்த்த திசையைக் காட்டக் கண்ணாடி மூலையில் மார்க்கரில் போட்ட அம்புக்குறி அசிட்டோனில் துடைக்கும்போது போயிருக்கு. புது நாடா சரியா வளையுது. ஆனால் சீனியர் விட்டுப்போன டப்பாவில் ஒரு படலம், அது விளக்கை விட்டு விலகி வளையுது.

வாழைத்தோப்பு:
அதுல மூலக்கூறு படுக்கலை, நட்ட நாத்து மாதிரி செங்குத்தா நிக்குது. மடிஞ்சா மேல்பரப்பு விரியும். டப்பா மேல எழுதி வை, அசிட்டோன் படாத இடமா பாத்து.