கயலின் தவளை மரமும் மாடல் தேர்வும்

கயல்: சித்தி, தவளைகளின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ வரிசைகளை ஒழுங்குபடுத்தி முடித்துவிட்டேன். அடுத்தது காலக்கணிப்பு, அதாவது எந்த இனம் எப்போது பிரிந்தது என்று கணக்கிடுவது. டிஎன்ஏ எழுத்துகள் மாறும் விதத்தை விவரிக்கும் மாடல்களில் எது பொருந்தும் என்று பார்க்கும் மாடல் தேர்வு நிரலை ஓட்டினால் ஏஐசி என்ற அளவுகோல் ஒன்றைச் சொல்கிறது, பிஐசி என்ற அளவுகோல் வேறொன்றைச் சொல்கிறது. நான் எதை எடுப்பது?

மங்கை: என்னென்ன சொல்கின்றன?

கயல்: ஏஐசிக்கு ஜிடிஆர் என்ற பெரிய மாடல், காமாவுடன். பிஐசிக்கு எச்கேஒய் என்ற சிறிய மாடல், அதுவும் காமாவுடன்.

மங்கை: இரண்டிலும் காமா, அதாவது மாற்றத்தின் வேகம் இடத்துக்கு இடம் வேறுபடுவதைக் கணக்கில் எடுக்கும் சேர்ப்பு, இருக்கிறதல்லவா? அப்படியானால் பதறாதே. தேதியை ஆட்டிவைக்கும் பெரிய விஷயத்தில் இரண்டும் ஒத்துப்போகின்றன.

பரிதி: அக்கா, மாடல் எதற்கு? இரண்டு தவளைகளின் டிஎன்ஏவில் எத்தனை எழுத்து மாறியிருக்கிறது என்று எண்ணினால் போதாதா?

மங்கை: போதாது பரிதி. ஒரே சிலேட்டில் அழித்து அழித்து எழுதினால் கடைசியாக எழுதியதுதான் கண்ணுக்குத் தெரியும். ஏ என்ற எழுத்து ஜி ஆகி, அது மறுபடியும் ஏ ஆகியிருந்தால் நடந்தது இரண்டு மாற்றம், நீ எண்ணுவது பூஜ்யம். மறைந்துபோன அந்த மாற்றங்களை மீட்டுக் கணக்கில் சேர்ப்பதுதான் மாடலின் வேலை. இரண்டு இனங்கள் பிரிந்த பிரிவு பழையதாக ஆக ஆக மறைந்தவையும் பெருகும்.

இளங்கோ: எப்படி மீட்கிறார்கள்? சூத்திரம் இருந்தால் அனுப்பு மங்கை, போட்டுப் பார்க்கிறேன்.

மங்கை: அண்ணா, எளியது 1969-இல் வந்த ஜூக்ஸ்-கேன்டர். எல்லா எழுத்து மாற்றத்துக்கும் ஒரே வேகம் என்று கொள்ளும். வேறுபாட்டு விகிதத்தை 4/3-ஆல் பெருக்கி, 1-இலிருந்து கழித்து, இயல் மடக்கை எடுத்து, மைனஸ் 3/4-ஆல் பெருக்குங்கள். ஒரு பழைய பிரிவில் 1000 இடங்களுக்கு 300 வேறுபாடு, ஓர் இளைய பிரிவில் 120 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இளங்கோ: 0.3-க்கு 0.383 வருகிறது. 0.12-க்கு 0.131. பெரியதுதான் அதிகம் நீள்கிறது.

மங்கை: அதேதான். பழைய பிரிவுக்குப் புதைபடிவம் 3 கோடி ஆண்டு என்று தருவதாகக் கொள்வோம், மாற்றங்கள் சேரும் கடிகாரமும் எல்லாக் கிளையிலும் சீராக ஓடுகிறது. வெறுமனே எண்ணினால் இளைய பிரிவுக்கு 1 கோடியே 20 லட்சம் ஆண்டு. ஜூக்ஸ்-கேன்டர்படி?

இளங்கோ: 1 கோடியே 2 லட்சம்.

மங்கை: 1980-இல் கிமுரா, ஏ-ஜி, சி-டி மாற்றங்களை மட்டும் தனி வேகமாகப் பிரித்தார். விலங்குகளின் மைட்டோகாண்ட்ரியாவில் இவைதான் அதிகம். அந்த 300-இல் 250-உம் 120-இல் 100-உம் இந்த வகை என்றால் இளைய பிரிவு 95 லட்சத்துக்கு இறங்கும். எச்கேஒய் இதோடு நான்கு எழுத்துகளும் வரும் அளவு வேறுபடலாம் என்று சேர்க்கிறது. ஜிடிஆர் ஆறு வகை மாற்றத்துக்கும் ஆறு வேகம் தருகிறது.

இப்போது காமாவுக்கு வாருங்கள். எல்லா இடமும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. மாறினால் புரதத்தைக் குலைக்கும் இடம் பெரும்பாலும் அசையாது, மூன்றெழுத்துக் கோடானின் மூன்றாம் எழுத்து தாராளமாக மாறும். ஜூக்ஸ்-கேன்டரிலேயே வேகம் எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் குறிக்கும் ஆல்பாவை 0.5 என்று வைத்துக் காமாவைச் சேர்த்தால் தூரங்கள் 0.667, 0.156.

இளங்கோ: அப்படியானால் இளைய பிரிவுக்கு 70 லட்சம் ஆண்டுதான்! முதல் கணக்கில் ஒரு கோடிக்கு மேல் இருந்ததே!

மங்கை: அதனால்தான் சொல்கிறேன். மாற்றங்களை இரண்டு வகையாகப் பிரித்ததில் 7 லட்சம் ஆண்டு குறைந்தது. காமாவில் 32 லட்சம். ஜிடிஆரா எச்கேஒய்யா என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு, காமாவை மறந்துவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கயல்: ஆனால் சித்தி, மாடல் தேர்வே தேவையில்லை, நேராகப் பெரிய மாடலான ஜிடிஆரையே எடுத்துக்கொள்ளலாம் என்று 2019-இல் ஓர் ஆய்வு வந்ததே?

மங்கை: அதை அப்படியே இங்கே கொண்டுவராதே. அவர்கள் முக்கியமாகப் பார்த்தது மரத்தின் வடிவத்தை, யாருக்கு யார் உறவு என்பதை. வடிவம் முரட்டு மாடலையும் தாங்கும். நமக்கு வேண்டியது கிளையின் நீளம். நீளம் பிசகினால் தேதி பிசகும்.

கயல்: அப்படியானால் இப்போது ஜிடிஆரையே எடுத்துவிடட்டுமா?

மங்கை: வரிசைகள் நீளமாக இருந்தால் எடு, கூடுதல் பண்பளவைகளை, அதாவது அந்தக் கூடுதல் வேகங்களை, மதிப்பிடத் தரவு போதும். குறைவாக இருந்தால் எச்கேஒய். பிஐசி கூடுதல் பண்பளவைகளுக்குக் கடுமையாக அபராதம் போடும், அதனால்தான் சிறியதைச் சொல்கிறது. எதையும் தேர்வு செய்ய மனமில்லை என்றால் பீஸ்ட் என்ற காலக்கணிப்பு மென்பொருளில் 2017-இல் வந்த பிமாடல்டெஸ்ட் இருக்கிறது. மாடல்களுக்கிடையே தாவித் தாவி, எல்லாவற்றின் மீதும் சராசரி எடுத்துத் தரும். கோடானின் மூன்றாம் இடத்தைத் தனித் தொகுதியாக வை. மாறாத இடங்களுக்கான பண்பளவையையும் காமாவோடு சேர்த்துப் போடாதே, இரண்டும் ஒரே வேலைக்குப் போட்டிபோட்டு மதிப்பீட்டைக் குழப்பும்.

இளங்கோ: புதைபடிவம் இளைய பிரிவில் இருந்தால்? 1 கோடியே 20 லட்சம் அதற்குத் தந்துவிட்டு, பழையதைக் கணக்கிட்டேன். எண்ணிக்கையில் 3 கோடி. காமாவில் 5 கோடியே 10 லட்சம்!

மங்கை: அருமை அண்ணா. பிழை எந்தப் பக்கம் சாயும் என்பது புதைபடிவம் மரத்தில் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கயல், உன்னுடையது எங்கே?

கயல்: அடிமரத்தில், ஒன்றே ஒன்று.

மங்கை: அப்படியானால் இளைய பிரிவுகளில்தான் நீ கவனமாக இருக்க வேண்டும். அங்கே இன்னொரு புதைபடிவம் தேடு. அது அந்தப் பிரிவின் வயதுக்குக் கீழ் எல்லையைத்தான் தரும், மேல் எல்லையை நீயே நியாயப்படுத்த வேண்டும். பிறகு வரிசைத் தரவை நீக்கிவிட்டு முன்நிகழ்தகவை, அதாவது தரவைப் பார்க்குமுன் நீ வைத்த அனுமானங்களை, மட்டும் ஓட்டிப் பார். தரவு இல்லாமலேயே அதே தேதி வந்தால், உன் டிஎன்ஏ ஒன்றும் சொல்லவில்லை என்று பொருள்.

கயல்: இன்றிரவே அந்த ஓட்டத்தைப் போடுகிறேன். எச்கேஒய், ஜிடிஆர் இரண்டிலும் கிடைக்கும் தேதிகளை ஒரே அட்டவணையில் அனுப்புகிறேன், சித்தி.

மங்கை: தேதி 95 விழுக்காடு வாய்ப்போடு அடங்கும் எல்லையான நம்பக இடைவெளியையும் சேர்த்து அனுப்பு. நடு மதிப்பை மட்டும் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.