புதுப்பிப்பு: அக்காவின் நெஞ்சுவலிக்குக் காரணம், விரிந்த நுரையீரல் தமனி இதயத் தமனியை அழுத்தியதே

இதய மேலறைச் சுவரில் பிறவித் துளையும் அதன் விளைவாக நுரையீரல் தமனியில் உயர் அழுத்தமும் உள்ள என் அக்காவுக்கு, நடக்கும்போது நெஞ்சுவலி ஏன் வருகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. வலது கீழறையின் சுமையே காரணம் என்று பலர் கருதினாலும், இதயத் தமனிகளுக்கான சி.டி. ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொன்னவரின் ஆலோசனையே விடை தந்தது.

நுரையீரல் தமனியின் அடித்தண்டு 40 மி.மீ.க்கு மேல் விரிந்து, தனக்கும் பெருந்தமனிக்கும் இடையே செல்லும், இதயத் தசைக்கு இரத்தம் தரும் இடது முதன்மை இதயத் தமனியை நெருக்கியிருந்தது. இது அவ்வளவு அரிதன்று: 2017இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், நுரையீரல் தமனி உயர் அழுத்தத்துடன் நெஞ்சுவலியும் இருந்த 121 பேரில் 48 பேருக்கு இந்த இடது முதன்மை இதயத் தமனி பாதி அல்லது அதற்கு மேல் சுருங்கியிருந்தது.

பிறகு செய்த வழக்கமான ஆஞ்சியோகிராமில் ஒரு கோணத்தில் தமனி ஏறக்குறைய இயல்பாகவே தெரிந்தது எதிர்பாராதது. தமனிக்குள் செலுத்திய அல்ட்ராசவுண்டில்தான், கொழுப்புப் படிவு ஏதுமின்றி, வெளி அழுத்தத்தால் மட்டும் அது கீற்றைப்போல் தட்டையாகியிருப்பது உறுதியானது. அங்கே, தமனியைத் திறந்து வைக்கும் மருந்து பூசிய வலைக்குழாயை (ஸ்டென்ட்) பொருத்தினார்கள்.

நெஞ்சுவலி நின்றுவிட்டது. மூச்சிரைப்பு குறையவில்லை, ஏனெனில் நுரையீரல் அழுத்தத்தை ஸ்டென்ட் மாற்றுவதில்லை. அதற்கான சில்டெனாஃபில் தொடர்கிறது, அத்துடன் ஸ்டென்டில் இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்ந்துள்ளன.