ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் போய் வந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் மயாமியிலிருந்து ஐகான் ஆஃப் தி சீஸ் என்ற உல்லாசக் கப்பலில் ஏழு இரவுப் பயணம் போகலாம் என்று வீட்டில் பேச்சு. ஊரிலிருந்து அப்பா அம்மாவும் வந்திருப்பார்கள். அம்மாவுக்கு முட்டி வலி, அதோடு சுத்த சைவம்.

என் முதல் கவலை கூட்டம்தான். அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கிலேயே 5,610 பயணிகள். விடுமுறையில் பிள்ளைகுட்டிகளோடு எல்லாப் படுக்கையும் நிரம்பினால் 7,600 வரை போகும். காலை ஒன்பது மணிக்கு விண்ட்ஜாமர் பஃபேயில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேசை தேடி அலைய வேண்டுமா? 20 தளத்துக்கு லிஃப்ட் சட்டென்று வருமா? குளங்கள் ஏழு இருக்கின்றன, சரி, நிழலில் ஒரு சாய்வு நாற்காலி கிடைக்குமா? நம்மூர் பஸ் மாதிரி துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களாமே!

அப்புறம் செலவு. டிக்கெட் போக, டிப்ஸ் மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 18.50 டாலருக்குக் குறையாது, குழந்தைக்கும் அதே. வைஃபை தனி. வழியில் கப்பல் நிற்கும் கோகோகே தீவில் நீர்ச்சறுக்குப் பூங்காவுக்கும் தனிக் காசு. அங்கே பைசா கொடுக்காமல் ஒரு நாளை ஓட்ட முடிகிறதா?

சாப்பாட்டு அறையில் முதல் நாளே சொல்லி வைத்தால் இந்திய சைவ உணவு தருவார்கள் என்கிறார்கள். தினமும் பனீர்தானா, இல்லை பருப்பு, சோறும் உண்டா?

விளம்பர வீடியோ லிங்க் வேண்டாம். பெரியவர்களோடு போனவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும்.